'ஈ' என்று கேட்டால்தான் தர்மமா?

அரசு ஊழியரின் ஒருநாள் சம்பளத்தைப் பிடித்து நிவாரணத்துக்குக் கொடுப்பது நல்லதா கெட்டதா என்று கேட்டால், கெட்டது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சுனாமி, பெருவெள்ளம், கஜா, கொரோனா என்று எது வந்தாலும் சங்கத் தலைவர்கள் கோட்டைக்குப் போய்க் கடிதம் கொடுக்கிறார்கள், ஆணை வருகிறது, சம்பளப் பட்டியலில் ஒரு பிடித்தம் கூடுகிறது. இதுபோக வருஷா வருஷம் டிசம்பர் 7 கொடிநாள். அதற்கு முதல்நாள் பாபாசாகேப் நினைவுநாள். அங்கே மாலை போட்டுவிட்டு வந்து, மறுநாள் அலுவலகத்தில் உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொள்ளும் நம்ம ஆட்கள் எத்தனையோ பேர். அதில் ஒரு குற்றமும் இல்லை. ராணுவத்தில் செத்தவர்களில், ஊனமானவர்களில் நம் சேரிப் பிள்ளைகளும் உண்டு.

ஆகவே கொடுப்பது நல்லதா என்பதில் தகராறு இல்லை. எதற்குக் கொடுத்தால் அது 'கொடை', எதற்குக் கொடுத்தால் அது 'அரசியல்' என்று கோடு கிழிக்கிற கை யாருடையது? அந்தக் கோடு நம் தெருவை எந்தப் பக்கம் தள்ளுகிறது? அறம், தர்மம், சேவை என்று நாம் எளிதாகப் புழங்குகிற சொற்களுக்குள் இந்தக் கோடு ஒளிந்திருக்கிறது. அதைத்தான் பேச வேண்டும்.

தமிழ் எம்.ஏ. படித்ததால் வந்த பழக்கம், தொல்காப்பியத்தைக் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிறேன். ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு மூன்று சொற்களை அது சொல்கிறது: ஈ, தா, கொடு. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் 'ஈ'. ஒத்தவன் ஒத்தவனிடம் கேட்டால் 'தா'. உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. இலக்கணம் படித்த காலத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்து பரிட்சை எழுதிவிட்டு மறந்துபோன விஷயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கேட்கிற பொருள் ஒன்றே. ஒரு மரக்கால் நெல்லாக இருக்கலாம், ஒரு குடம் தண்ணீராக இருக்கலாம். கேட்பவன் எங்கே நிற்கிறான் என்பதை வைத்து வினைச்சொல்லே மாறிவிடுகிறது. 'ஈ' என்கிறவனுக்குப் போட்டால் அதற்குப் பெயர் ஈகை. அதற்கென்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. 'தா' என்று நிமிர்ந்து கேட்கிறவனுக்குக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? புண்ணியக் கணக்கில் அது ஏறுவதாகத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி ஒருமுறை நேரடியாக ஒரு நீதிமன்றத்தின் முன்னால் போய் நின்றது. இங்கே இல்லை, அமெரிக்காவில். அமெரிக்கக் கறுப்பர்களின் கதை நமக்குத் தூரத்துக் கதை கிடையாது. அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, நீக்ரோக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுக்கும் மனுவின் நகலைக் கேட்டார். தீண்டப்படாதோரும் அப்படி ஒரு மனு கொடுப்பது பற்றி அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த டு பாய்ஸ் சேர்ந்து உருவாக்கிய இயக்கம்தான் என்.ஏ.ஏ.சி.பி. அதன் சட்டப் பாதுகாப்பு நிதியை 1940இல் தொடங்கியவர் தர்குட் மார்ஷல். கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று 1954இல் தீர்ப்பு வாங்கிக் கொடுத்தது இந்த அமைப்பு.

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களிடம் தர்ம அமைப்புகளுக்கு நன்கொடை திரட்ட ஓர் இயக்கம் 1961இல் கென்னடி காலத்தில் உருவானது. ஒருங்கிணைந்த கூட்டாட்சி நன்கொடை இயக்கம் என்று சொல்லலாம். வருஷத்தில் ஒரு பருவத்தில் அலுவலகம் அலுவலகமாக ஒரு பட்டியல் வரும். தகுதி பெற்ற அமைப்புகளின் பெயர்கள் அதில் இருக்கும். ஒவ்வொரு அமைப்பும் தன்னைப் பற்றி முப்பது சொல்லுக்குள் சொல்லிக்கொள்ளலாம். ஊழியர் தனக்குப் பிடித்ததைக் குறித்துக் கொடுத்தால் சம்பளத்தில் பிடித்து அனுப்பிவிடுவார்கள். ஊழியரின் சொந்தப் பணம், சொந்தத் தேர்வு. அரசுக்கு இதில் வேலை பட்டியல் போடுவது மட்டும்தான்.

பட்டியல் போடுவது சின்ன வேலை என்றா நினைக்கிறீர்கள்? 1982இல் ரீகன் ஓர் ஆணை போட்டார். 1983 பிப்ரவரியில் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார். மக்களுக்கு நேரடியாக உடல்நலம், பராமரிப்பு சார்ந்த சேவை செய்யும் அமைப்புகளுக்கு மட்டுமே இடம். அரசியல் செயல்பாடு, பிரச்சாரம், பேரம், வழக்கு ஆகியவற்றின் மூலம் அரசின் கொள்கையை மாற்ற முயலும் அமைப்புகளுக்கு இடமில்லை. என்.ஏ.ஏ.சி.பி.யின் சட்ட நிதி வெளியே போனது. போர்ட்டோ ரிக்கர்களின் சட்ட நிதி, செவ்விந்தியர் சட்ட ஆதார மையம், அரசுப் பணியில் இருக்கும் பெண்களின் சட்ட நிதி எல்லாம் கூடவே போயின. யார் யார் வெளியே என்ற இந்த வரிசையை ஒருமுறை திரும்பப் படியுங்கள். வேறு விளக்கம் வேண்டாம்.

அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1985 ஜூலையில் அமெரிக்க உச்சநீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. சட்ட நிதியைத் தொடங்கிய அதே மார்ஷல் அப்போது அந்த நீதிமன்றத்தின் நீதிபதி. அதனால் அவர் இந்த வழக்கில் உட்காரவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பசித்தவனின் சோற்றுக்கும் கூரைக்கும் நேரே போகிற ஒரு டாலர், ஏழைக்கு உதவியாக முடியலாம் முடியாமலும் போகலாம் என்கிற வழக்குக்குப் போகும் டாலரைவிடப் பயனுள்ளது என்று அரசு கருதுவது நியாயமே என்றார் அவர். இன்னொரு காரணம், சர்ச்சை. வேலை செய்யும் இடத்தில் சர்ச்சைக்குரிய அமைப்புகள் வந்தால் ஊழியர்களுக்குள் மனத்தாங்கல் வரும், வசூலும் கெடும் என்ற அரசின் பயம் ஏற்கத்தக்கது என்றார். நீதிபதி பிளாக்மன் முதலிய மூவர் இதை ஏற்கவில்லை. அரசு தனக்குப் பிடிக்காத கருத்தை ஒதுக்கவே இதைச் செய்ததா என்று பார்க்கும்படி வழக்கு கீழ்நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனது. பிறகு 1987 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் செய்து தகுதி வரம்பைத் தளர்த்தியது. நீதிமன்றம் சாத்திய கதவு அப்படித்தான் திறந்தது.

தீர்ப்பின் சட்ட நுணுக்கம் இருக்கட்டும். அதற்குள் இருக்கும் அறக் கணக்கைப் பாருங்கள். சோறு நிச்சயம், நீதி நிச்சயமில்லை. ஆகவே சோற்றுக்குக் கொடு. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

நமக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு பம்பாயில் தீண்டாமை எதிர்ப்புக் கழகம் ஒன்று தொடங்கினார்கள். பின்னால் அரிசன சேவா சங்கம் என்று பெயர் மாறியது. ஜி.டி. பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். அம்பேத்கர் லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, நவம்பர் 14 அன்று தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தீண்டப்படாதவனின் நிலைக்கு அவனுடைய சொந்தக் குறைதான் காரணம் என்று நினைத்தால் மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று ஆள் ஆளாகத் திருத்தப் போவீர்கள். சுற்றியுள்ள சமூகம்தான் காரணம் என்று கண்டால் அந்தச் சமூகத்தோடு மோதத்தான் வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். கிணற்றில் தண்ணீர் எடுக்க, ஊர்ப் பள்ளியில் உட்கார, சாவடியில் நுழைய, பொது வண்டியில் ஏற உரிமை கேட்டுக் கிராமம் கிராமமாகப் போராடுங்கள் என்று கேட்டார். கலவரம் வரும், வழக்கு வரும் என்பதையும் அவரே அதில் ஒத்துக்கொள்கிறார். எதிர்ப்பே வராத வழியில் போனால் தீண்டாமை அசையாது என்று எச்சரிக்கிறார்.

சங்கம் எந்த வழியில் போனது என்று நமக்குத் தெரியும். பள்ளிக்கூடம், விடுதி, சோப்பு, தனிக்கிணறு. ஊர்க்கிணற்றில் இறங்க விடு என்று கேட்கிறவன் சர்ச்சைக்குரியவன். காலனிக்குத் தனியாக ஒரு கிணறு வெட்டிக் கொடுக்கிறவர் தர்மவான், கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொள்ளலாம். தனிக்கிணறு வெட்டிய பிறகு ஊர்க்கிணற்றின் தீட்டு இன்னும் பத்திரமாகிவிடுகிறது என்பதைத் தர்மக் கணக்கு எந்தப் பத்தியில் எழுதும்?

அதோடு நிற்கவில்லை. சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு ஏன் இடமில்லை என்பதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை அம்பேத்கர் 1945இல் வெளியான 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன' என்ற நூலில் எழுதியிருக்கிறார். இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் அவர்களுடையது, ஆகவே நிர்வாகமும் அவர்களுடையது. கடன்காரன் கடனை எப்படி, எப்போது, எவ்வளவு திருப்புவது என்று தானே முடிவு செய்துகொள்வான். கடன் கொடுத்தவன் திண்ணையில் உட்கார்ந்து கை நீட்டினால் போதும். இப்படி ஒரு கடன் பத்திரத்தை எந்தச் செட்டியார் கடையிலாவது ஏற்பார்களா?

இப்போது நம் அலுவலகத்துக்கு வருவோம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964 என்று ஒன்று இருக்கிறது. அதன் ஐந்தாம் விதிப்படி ஊழியர் எந்த அரசியல் இயக்கத்திலும் செயல்பாட்டிலும் பங்கெடுக்கக் கூடாது, அதற்குப் பணமும் கொடுக்கக் கூடாது. பன்னிரண்டாம் விதிப்படி அரசின் முன்அனுமதி இல்லாமல் எந்த நிதிக்கும் வசூல் செய்யக் கூடாது. மாநில ஊழியர்களுக்கும் 1973ஆம் வருஷத்து விதிகள் உண்டு. எது 'அரசியல்' என்று சந்தேகம் வந்தால் அரசு சொல்வதே முடிவு. அமெரிக்காவில் பட்டியலை விட்டு நீக்கினார்கள். இங்கே பட்டியலுக்கு வெளியே கொடுத்தால் மெமோ வருமோ என்ற பயத்தையே ஊழியரின் மனசுக்குள் வைத்துவிட்டார்கள். பயம் பட்டியலைவிடச் செலவு குறைவானது.

எங்கள் பக்கத்தில் ஓர் எழுத்தர் இருக்கிறார். காலனியின் முதல் அரசு உத்தியோகம். நிவாரண நிதிக்கு அவர் கொடுத்தது சம்பளச் சீட்டில் அச்சாகி இருக்கிறது. கொடிநாளுக்குக் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறது. அலுவலகத்து ஆயுதபூஜைக்குக் கொடுத்ததுகூட நோட்டில் பெயரோடு இருக்கிறது, பொரி வாங்கிய கணக்கோடு. ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக நாங்கள் அவரிடம் போனால், பையில் கை விட்டு ஐநூறு ரூபாயை எடுத்து மடித்துக் கையில் வைத்துவிட்டு, "தோழர், பேரு மட்டும் எழுதாதீங்க" என்பார். ஒரு தடவையும் இல்லை என்று சொன்னது கிடையாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று பிரசங்கம் செய்கிறவர்கள் இவரைப் பார்க்க வேண்டும். இவருடைய ரகசிய தானத்துக்கு அடக்கம் காரணமில்லை, இன்க்ரிமென்ட் காரணம். நிவாரணத்துக்குக் கொடுக்கும்போது அவர் 'அரசு ஊழியர்'. சாட்சியின் பஸ் காசுக்குக் கொடுக்கும்போது வெறும் 'எஸ்.சி.' ஒரே ஆள், ஒரே சம்பளம்.

இந்தப் பயத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் கன்ஷிராம். புனேயில் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர், அலுவலகம் என்றால் என்ன என்று தெரிந்தவர். 1978 டிசம்பர் 6 அன்று டெல்லியில் பாம்செஃப் அமைப்பைத் தொடங்கினார். இடஒதுக்கீட்டால் மேலே வந்த தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை ஊழியர்கள் தாம் வந்த சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும்: பணம், நேரம், மூளை. ஆனால் அந்த அமைப்பு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது என்ன? அரசியல் சாராதது, மதம் சாராதது, கிளர்ச்சியில் இறங்காதது. உறுப்பினர்கள் அரசு ஊழியர்கள், வேறு எப்படிச் சொல்ல முடியும்? தெருவில் இறங்க 1981இல் டி.எஸ்.-4, தேர்தலில் நிற்க 1984இல் பகுஜன் சமாஜ் கட்சி என்று வேறு வேறு வீடு கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கட்சி பின்னால் எங்கெங்கே போனது என்பது தனி விவாதம், எனக்கும் நிறையக் கோபம் உண்டு. ஆனால் 'திருப்பிச் செலுத்துதல்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அதில் ஈகை இல்லை, பிராயச்சித்தமும் இல்லை. வாங்கியவன் அதே வரிசையில் பின்னால் நிற்கிறவனுக்குக் கொடுக்கிறான். 'தா' என்ற சொல்லுக்கு உரிய கொடுக்கல் வாங்கல் அதுதான்.

இதற்கு ஒரு பதில் வரும் என்று தெரியும். பசித்தவன் முன்னால் ரிட் மனுவை வைத்தால் தின்பானா? வீடு இடிந்து நிற்கிறவனிடம் சித்தாந்தம் பேசலாமா? நியாயமான கேள்வி. பேரிடரில் முதலில் சோறு, தண்ணீர், தார்ப்பாய். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. முகாமில் பொட்டலம் கட்டியவர்களில் நானும் உண்டு.

ஆனால் அந்தச் சோறு எந்தத் தெரு வழியாக வருகிறது? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் தலித்துகள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், நிவாரணமும் தண்ணீரும் மறுக்கப்பட்டதும் பத்திரிகைகளிலும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளிலும் பதிவாகி இருக்கின்றன. கடலில் போன படகுக்குக் கணக்கு இருந்தது. கரையில் கூலி வேலை பார்த்தவனின் இழப்புக்குக் கணக்குப் போடப் பட்டியலில் பத்தியே இல்லை. அங்கே அரிசி கிடைக்கவே மனு எழுத வேண்டியிருந்தது, கலெக்டர் ஆபீசில் உட்கார வேண்டியிருந்தது. மனு எழுதினவனுடைய டீச்செலவு நிவாரணமா, அரசியலா? ஓ'கானர் அம்மையாரின் கணக்கில் சோற்று டாலர் வேறு, வழக்கு டாலர் வேறு. சேரியில் அந்த இரண்டையும் பிரித்து வைக்க இடமில்லை.

'விருப்பத்தின் பேரில்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. கொடுக்க விரும்பாதவர்கள் விருப்பமில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது ஆணை. கேரள உயர்நீதிமன்றம் அந்தப் பகுதியை நிறுத்தி வைத்தது. அக்டோபர் கடைசியில் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. கொடுக்க முடியாதவன் தன்னைத்தானே இழிவுபடுத்திக்கொண்டு ஏன் எழுதித் தர வேண்டும் என்பதுதான் விஷயம். யோசித்துப் பாருங்கள், வீட்டில் முதல் உத்தியோகக்காரனின் சம்பளத்தில் எத்தனை கைகள் இருக்கின்றன! தங்கச்சி கல்யாணம், அப்பாவின் காசநோய், சித்தப்பா மகன் காலேஜ் பீஸ். மூன்று தலைமுறையாக உத்தியோகம் பார்க்கிற வீட்டிலிருந்து வந்தவரின் ஒருநாள் சம்பளமும் இவனுடைய ஒருநாள் சம்பளமும் சமம் என்கிறது ஆணை. அவன் ஏற்கெனவே மாதம் பத்துநாள் சம்பளத்தை நிவாரணமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், ரசீதில்லாமல்.

வழக்குப் பணம் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்ற அந்த வாதத்துக்குத் திரும்பி வருகிறேன், அதுதான் உறுத்துகிறது. மகாத் சவுதார் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது 1937 மார்ச்சில். பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் அதே காசுக்கு எத்தனை குடம் தண்ணீர் வாங்கி ஊற்றியிருக்கலாம் என்று ஒரு தர்மவான் கணக்குப் போட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

மேலவளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். விசாரணை மதுரைப் பக்கத்தில் நடக்கவில்லை, சேலத்தில் நடந்தது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2009இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே வெளியே விட்டது. பலித்ததா பலிக்கவில்லையா, நீங்களே சொல்லுங்கள். மேலவளவிலிருந்து சேலத்துக்கு எத்தனை மணிநேரம், வாய்தாவுக்கு வாய்தா எத்தனை பஸ், அன்றைய கூலி போச்சு, மத்தியானச் சாப்பாடு யார் வாங்கித் தந்தது? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் பதினொன்றாம் விதி, சாட்சிகளுக்குப் பயணச் செலவும் உணவுப் படியும் அரசே தர வேண்டும் என்கிறது. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. எத்தனை சாட்சிக்கு அந்தப் படி கைக்கு வந்தது என்று எந்தக் கோர்ட் வாசலிலும் கேட்டுப் பாருங்கள்.

ஊழியர் சங்கங்களில் இருக்கும் நம் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தமுறை ஒருநாள் சம்பளத்துக்குத் தீர்மானம் போடும்போது கைதூக்குங்கள், நானும் தூக்குவேன். கூடவே இரண்டு திருத்தம் கொண்டுவாருங்கள். நிவாரணம் எந்தெந்தத் தெருவுக்குப் போனது என்று தெருவாரியாகக் கணக்கு வேண்டும். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகிறவர்களின் செலவுக்குச் சங்க நிதியில் ஒரு கணக்குத் தலைப்பு வேண்டும், கொடுத்தவர் பெயரை எழுதி ரசீது தருகிற மாதிரி. அது 'அரசியல்' என்று தலைவர் சொன்னால், அதை அவர் தீர்மானப் புத்தகத்தில் எழுத்தில் பதிந்து கையெழுத்துப் போடட்டும்.